ஏழு டிகிரி

ஆரியசாலையில் சிஜியின் ஸ்டூடியோவுக்குப் பிச்சைக்கனி மூன்றாவது முறையாக வந்திருந்தார். முகம் சாய்ந்திருக்கிறது என்று அவருடைய விசா படம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது.

"அண்ணா, நேரா இரிங்க கேட்டோ," என்றாள் சிஜி, மலையாளம் கலந்த தமிழில்.

"நேராத்தானம்மா இருக்கேன். இன்னைக்கு விட்டா துபாய் வேலை போயிரும்."

சிஜியின் கண்ணுக்கும் அவர் நேராகத்தான் தெரிந்தார். கேமராவில் சாய்வைத் தானாகத் திருத்தும் வசதியைப் போட்டாள். எத்தனை டிகிரி திருத்துகிறது என்று திரையில் எண் வரும். ட்ரைபாட் மட்டமாக நின்றால் பூஜ்யம் வரவேண்டும். ஏழு வந்தது. ட்ரைபாடில் மாட்டியிருந்த, மட்டம் காட்டும் ரசமட்டத்தைப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். கேமராவை வேறு மூலைக்கு மாற்றினாள். ஏழுதான்.

படத்தில் முகம் நேராக விழுந்தது. பிச்சைக்கனி படத்தை வாங்கிக்கொண்டு, பாதி குடித்த டீயை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

சிஜி காலி ஸ்டூலைப் படமெடுத்தாள். அப்போதும் ஏழு. கேமராதான் கெட்டுப்போயிற்று என்று அணைத்தாள். ரசமட்டத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். குமிழி நடுவுக்கு வந்தது.

பக்கத்திலிருந்த கண்ணாடி கிளாசில் டீ மட்டமாக இல்லை; ஸ்டூல் இருந்த பக்கமாக ஏழு டிகிரி சாய்ந்து ஏறி நின்றது. அசையவில்லை.