அனுப்பாத வரி

‘இனி அடி தாங்க முடியாதுக்கா, அங்க வந்துருதேன்’ என்று ஜெசிந்தா கைப்பேசியில் தன் அக்காவுக்கு அடித்தாள். அனுப்பத் துணிச்சல் வரவில்லை. எழுத்தெழுத்தாக அழித்துவிட்டாள்.

தெருமுனையில் செல்போன் கடை வைத்திருந்த அவள் புருஷன் லூர்துராஜ், செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். “அடி தாங்க முடியாதோ? அக்கா வீட்டுக்குப் போவியோட்டி?”

வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தமிழில் அடிக்க வசதி என்று அவனே ஏற்றிக்கொடுத்த கீபோர்டு ஆப், அவள் தொடும் ஒவ்வொரு எழுத்தையும் அவனிடம் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது. அழித்ததையும் சேர்த்து.

மறுநாள் மத்தியானம் வாணலி நிறைய எண்ணெய் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். புகை கிளம்பியதும் கைப்பேசியை எடுத்து, ‘அக்கா, அடுக்களக் கதவு வழியா கெளம்பிட்டேன்’ என்று நிதானமாக அடித்தாள். நேற்றைப் போலவே எழுத்தெழுத்தாக அழித்தாள்.

அடுக்களைக் கதவுக்கு வெளியே ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டபோது, கரித்துணியால் வாணலியின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தூக்கியிருந்தாள்.