தெருமுனையில் நின்ற வண்டி

“ஆம்புலன்ஸ் சைரன் சத்தத்துல தூங்க முடியலையாம். வண்டியை எடுங்கன்னு எவனோ ஆபீசுக்குத் திரும்பத் திரும்ப போன் பண்ணியிருக்கான். நான் லீவுல இருந்த நாளாப் பார்த்து எடுத்துட்டாங்க.”

தட்டை ஓசையோடு வைத்தாள் அவள். கணவர் நிமிரவில்லை. சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். தையல் கடைக்காரர், எந்நேரமும் மேலே ஒரு நூல் இருக்கும்.

“யாராயிருக்கும்ங்கறீங்க? மாடி வீட்டு வாத்தியார்தானே?”

“அவரா? அவர் குறட்டைக்கு முன்னாடி சைரனெல்லாம் தாலாட்டும்மா.”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. போன வருஷம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தது யாரு? இன்னொரு தடவை வந்தா ஒவ்வொரு நிமிஷமும் கணக்குன்னு டாக்டர் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?”

“விழுந்துது.”

அவளுக்குச் சுகாதார அலுவலகத்தில் வேலை. எந்தெந்த வீட்டிலிருந்து அவசர அழைப்பு வருகிறதோ, அத்தனையையும் கணினி வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைப்பாள். புள்ளிகள் மொய்க்கிற இடத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். ஆறு மாதம் முன்பு அவர்கள் தெருமுனைக்கும் ஒரு வண்டி வந்தது. அதிலிருந்து தெருவில் அவளுக்கு ‘மேப்பம்மா’ என்றே பெயர்.

“நம்ம வசதிக்கா நிறுத்தினேன்? மேப் காட்டின இடம்.”

“ஓஹோ.”

“இப்ப கால்வாய்க்கரைக் குடியிருப்புக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்கேயிருந்து பாலம் தாண்டி வரணும். நெஞ்சுல ஈரமில்லாத ஜென்மம், யாருன்னு தெரியட்டும்.” கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். “ஆமா, உங்க கடையில பட்டன் தைக்கிற பொண்ணும் அந்தப் பக்கம்தானே? நிறைமாசமா இருந்தாளே, என்ன குழந்தை?”

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து படியில் வாத்தியார் எதிர்ப்பட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனிதர் ஒன்றும் புரியாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது வந்தேவிட்டது. கணவர் நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். சட்டையெல்லாம் வியர்வை. அவள் போன் செய்தாள். வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினாள். தெருமுனை வெறிச்சென்று கிடந்தது.

வெகுநேரம் கழித்து வண்டி வந்தபோது அவள் தெரு நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“பாலத்துல நெரிசல் மேடம். இங்கேயே நின்னிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியிலே இருந்திருப்போம்,” என்றார் டிரைவர்.

ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்கியது வாத்தியார். செருப்புகூடப் போடாமல் வந்திருந்தார்.

“உயிருக்குப் பயமில்லை,” என்றார் டாக்டர். “ஆனா கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா இதயம் இவ்வளவு பழுதாகியிருக்காது. இனிமே தையல் மெஷின், மாடிப்படி எல்லாத்தையும் மறந்துடச் சொல்லுங்க.”

மறுநாள்தான் உள்ளே விட்டார்கள். எத்தனையோ பேருக்கு அளவெடுத்த அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“போன் பண்ணினவனை நான் சும்மா விடப்போறதில்லைங்க. ஆபீஸ்ல நம்பர் இருக்கும். கண்டுபிடிச்சு, வீட்டுக்கே போய்க் கேக்கறேன்.”

“வீட்டுக்கெல்லாம் போகாதே. ஆள் இங்கேதான் படுத்திருக்கான்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கையை விட்டுவிட்டாள்.

“ஆறு மாசம் முன்னாடி நீ வீட்டுல உட்கார்ந்து அந்த மேப் வேலையைப் பார்த்துக்கிட்டிருந்தப்ப காபியோட உன் பின்னாடிதான் நின்னேன். சிவப்புப் புள்ளியெல்லாம் கால்வாய்க்கரையிலதான் மொய்ச்சுது. நீ வண்டியை மட்டும் அங்கேயிருந்து இழுத்து நம்ம முனையில விட்டே.”

அவள் தலை குனிந்திருந்தது.

“அப்பவே உன் கையைப் பிடிச்சிருக்கணும். எனக்காகத்தானேன்னு காபியை வச்சுட்டுப் போயிட்டேன்.” மூச்சு வாங்கினார். “பட்டன் தைக்கிற பொண்ணுக்கு வலி எடுத்தப்ப வண்டி நம்ம முனையிலிருந்துதான் போச்சு. போய்ச் சேர்றதுக்குள்ள... குழந்தை தங்கலை.”

திரைக்கு அந்தப்பக்கம் யாரோ இருமினார்கள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா வண்டியை விட்டிருப்பியா?”

அவள் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஆபீஸ்ல உள்ளதைச் சொன்னா உன் வேலை போகும். சத்தம்னு சொன்னா யாரோ ஒருத்தனுக்குத் திட்டு விழும், அவ்வளவுதானேன்னு நினைச்சேன். அது பாவம் வாத்தியார் தலையில விழுந்துது.”

“அதுக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்லி...”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வண்டி அங்கே நிக்கறதால தூக்கம் வரலைன்னு சொன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்லைம்மா.”