வேட்டைத் துணை

மாப்பிள்ளை இர்பாத்தின் அறைக் கதவோரம் ஹபீலா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“நீங்க இல்லாம எனக்கு ஒண்டும் ஏலா,” என்று உள்ளே அவன் குழைந்துகொண்டிருந்தான்.

இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் மாமனார் முன்னால் வாயே திறக்காதவனுக்கு இப்போது என்ன சிரிப்பு!

மகள் ஸப்னா கையைப் பிடித்து இழுத்தாள். “அது கேம் உம்மா. ரெண்டு பேர் சேர்ந்து பூதங்கள வேட்டையாடுற.”

“மத்த ஆள் ஆரு?”

“கேட்டாச் சிரிக்காரு.”

உள்ளே குரல் தொடர்ந்தது. “கனகாலமா விளையாடுறன், உண்மையச் சொல்றன். தனியா அடிச்சா அது வெறும் கூலி வேல. பூதத்துர வால வெட்டுற ஆசையில துணைய உட்டுட்டு ஓடுறவனோட போகவே படாது.”

ஹபீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனிடம் சொல்ல, வீட்டு முன்னாலிருந்த அவருடைய கடைக்கு விரைந்தாள். ஜும்ஆ தொழுகைக்குப் பூட்டிய கடையை அவர் இன்னும் திறக்கவில்லை. பின்கதவால் நுழைந்து பார்த்தால், காதில் ஹெட்போனோடு கத்திக்கொண்டிருந்தார்.

“மடையா இர்பாத், வால உடுடா! நான் சாகப்போறன், ஓடி வாடா!”

ஹபீலா ஹெட்போனைப் பிடுங்கினாள். “மருமகனோட கதைக்கிறதெண்டா சோறு தின்னக்குள்ள கதைக்க ஏலாதா?”

“என்ன கதை இது?” அவர் திடுக்கிட்டார். “வீட்டு மாப்பிள்ளைய முகத்துக்கு நேர ‘டா’ போட ஏலுமா?”