நிழல் விலக்கிய கன்றுகள்

எம். புதுப்பட்டிச் சாலையோர நாற்றங்காலில் பச்சை நிழல்வலை பாதிவரை சுருட்டப்பட்டிருக்கிறது. திறந்த பாதியில் காலை வெயில் நேராக இறங்குகிறது. கறுப்புப் பைகளில் நிற்கும் உசில மரக்கன்றுகள் முளைத்த நாளிலிருந்து நிழலிலேயே இருந்தவை. வெளிச்சம் தேடி உயர்ந்து, தண்டு நூலாக மெலிந்தவை. இப்போது வெயில் தாளாமல் ஒவ்வொன்றாக இலைகளை மூடிக்கொள்கின்றன. சாம்சுந்தர் வலையின் கயிற்றைப் பிடிக்கிறான், விடுகிறான், மறுபடி பிடிக்கிறான்.

“வாடுது பாரு ஜெமிமா. வலைய இழுத்து விட்டுருவமா?”

“வேணாங்க. போன வருசம் நிழல்லயே வளத்துக் குடுத்தோம். நட்ட ஒரே வாரத்துல அம்புட்டும் கருகிப் போச்சு. அந்தப் பட்டாசுக் கம்பெனிப் பொட்டல்ல இதுகளுக்கு யாரு வலை கட்டுவா?”

அவன் கயிற்றை மனைவியிடம் விட்டுவிடுகிறான். அந்தக் கம்பெனியில் முன்பு பிடித்த தீயில் அங்கிருந்த வேம்புகள் எல்லாம் எரிந்துவிட்டன. அங்கே வேலை செய்யும் அவன் தங்கை சுகிர்தா இன்றும் ஷெட் சுவரோரம் ஒடுங்கி நின்றுதான் மதியச் சோறு சாப்பிடுகிறாள்.

தூரத்தில் சோதனை வெடி ஒன்று அதிர்கிறது. சாம்சுந்தர் ஒரு வரிசையின் முன் போய் நிற்கிறான். அவன் நிழல் கன்றுகளின் மேல் சாய்கிறது. அவன் அசையாமல் நிற்கிறான்.

“தள்ளி நில்லுங்க. வெயில மறைக்கீக.”

அவன் நகர்கிறான். வெயில் மீண்டும் அந்த வரிசையில் விழுகிறது. ஜெமிமா முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, வலையின் அடுத்த முடிச்சை அவிழ்க்கிறாள்.