பதினோரு மணி மாப்பிள்ளை

“மறுபடியும் கடிச்சுத் துண்டாக்கி வெச்சிருக்கு, பாரு. நீங்க குடுக்கற ஒயர்ல என்னப்பா தடவறேள், வெல்லப்பாகா? எங்காத்து எலி வேற எதையும் தொட மாட்டேங்கறது.”

ரமாமணி மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இன்டர்நெட் கம்பெனிக்காகச் சின்ன காஞ்சிபுரம் முழுக்க மோடம் மாட்டிக் கொடுக்கும் சாமுவேல், பையை இறக்கிவிட்டுக் கூடத்துச் சுவரோரம் குந்தினான்.

“நல்ல ஒயர்தான் மாமி. எல்லா வீட்லயும் இதையேதான் போட்டுக்கினு இருக்கோம்.”

“ஒயர் கதையெல்லாம் அப்புறம்,” என்று வந்தார் மாமியின் கணவர் தேவராஜன். காலையிலேயே குளித்து, நாமம் இட்டு, ஜரிகை வேட்டியில் அவரே மாப்பிள்ளை மாதிரி இருந்தார். “பதினோரு மணிக்கு அமெரிக்காவிலேர்ந்து காமிராவிலே பொண்ணு பார்க்கறா. போன வாரமே லைன் போய் அவாளுக்கு மனசுக்கஷ்டம். இன்னிக்கும் போச்சுன்னா இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். வந்துதுன்னா ஆவணியிலே கல்யாணம்.”

பார்க்கப்படவிருந்த லக்ஷணா, பட்டுப்புடவையும் தலை கொள்ளாத மல்லிகையுமாக ஊஞ்சலில் இருந்தாள். மடியில் சி.ஏ. கடைசிப் பரீட்சைக்கான தடிப் புத்தகம்.

“அதை மூடுடி. பரீட்சையெல்லாம் அங்கே போய் எழுதிக்கலாம்.”

“அங்கே இந்தப் பரீட்சையே கிடையாதுப்பா.”

“கிடையாதோன்னோ? விட்டது கவலை.”

சாமுவேல் சுவரில் இருந்த ஸ்ப்ளிட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினான். தீப்பெட்டி அளவுதான் அது. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பி, ஒரே கிளிப்பில் உடன்பிறப்புகளைப் போல ஒட்டிக்கொண்டு உள்ளறை மேஜைக்குப் போயின. ஒன்று டெலிபோனுக்கு, ஒன்று மோடத்துக்கு.

டெலிபோன் ஒயரில் ஒரு பல் தடம்கூட இல்லை. மோடம் ஒயர் மட்டும் ஒரே வீச்சில் நறுக்கப்பட்டிருந்தது.

படித்த எலி, என்று நினைத்துக்கொண்டு ஊஞ்சலைப் பார்த்தான். லக்ஷணா நிமிராமல் பக்கத்தைப் புரட்டினாள். காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“எலிதான் சார். பெரிய எலி.”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பொறி வைங்கோன்னு,” என்றாள் மாமி.

“பொறியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ உத்தரத்தை ஒட்டி உசரமாக் கொண்டு போப்பா. எந்த எலி ஏறறதுன்னு பார்க்கறேன். அவாளுக்குப் போன் பண்ணி அரைமணி பொறுக்கச் சொல்றேன்.” தேவராஜன் மகளையும் அழைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். ஏழு கடல் தாண்டிக் கேட்கும்படி அவர் “ஹலோ” சொல்வது கூடம்வரை வந்தது.

சாமுவேல் ஸ்டூலில் ஏறிப் புது ஒயரைப் பிரித்தான். உத்தரத்துக்குப் பக்கத்தில் முதல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். ஸ்டூல் ஆடியது. மாமி வந்து பிடித்துக்கொண்டாள்.

உள்ளறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“குழந்தைக்குப் பரீட்சை நவம்பர்லதான்ப்பா முடியறது. அதுவரைக்கும் எனக்குக் கை எட்டற உசரத்துல அடிச்சிட்டுப் போயேன்.”