கதிரைக்குப் புதுப் பூட்டு

சனிக்கிழமை பகல் என்றால் யுகேந்திரனின் முகமே வேறு. கிழமை முழுக்க டவுனில் மோட்டர் வைண்டிங் கடையில் கம்பி சுற்றிச் சுற்றிக் கை நொந்த மனுசன், அரை நாள் வேலை முடிந்து படியிறங்கியதும் முதலாளியாகிவிடுவான். சைக்கிள் கரியரில் ஒரு துணிப்பை. அதற்குள் எண்ணெய்ப் போத்தல், துடைக்கிற துண்டு, சில்லறைச் சாமான்கள். நேரே துறைமுக வாசலுக்கு மிதிப்பான்.

அங்கே கோதுமை மா ஏற்ற வரும் லொறிகள் வரிசையில் நிற்கும். எதிரே யசோதராக்காவின் தேத்தண்ணிக்கடை. கடை விறாந்தையில் ஒரு மசாஜ் கதிரை. காலடிப் பெட்டியில் குத்திக்காசு போட்டால் முதுகைப் பிசைந்து, காலை அமுக்கி, கடைசியில் ஆளை ஒரு குலுக்குக் குலுக்கி எழுப்பிவிடும். இடுப்பு நொந்து வருகிற லொறிக்காரருக்கு வேறென்ன சொர்க்கம் வேண்டும்?

சித்திரையில் அக்கா கடையைக் குத்தகைக்கு எடுத்தபோது கதிரை பழுதாகி, பொலித்தீன் மூடி, மூலையில் கிடந்தது. யுகேந்திரன் வந்துதான் மோட்டரைக் கழற்றிக் கட்டி ஓடவைத்தான். காசுப்பெட்டிக்குப் புதுப் பூட்டும் போட்டான். "கடைக்கு ஒரு பங்கு தாறன் அக்கா" என்று அவன் சொன்னபோது, அக்காவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"கைமுதல் இல்லாதவனும் செய்யக்கூடிய தொழில் இது" என்பான் யுகேந்திரன். "நோகிறவன் காசு போடுவான். கதிரை பாடுபடும். நாங்கள் திறந்து எடுத்தால் போதும்."

இந்தச் சனிக்கிழமை கடை வாசலில் ஒரே கூட்டம்.

"தம்பி, நல்ல நேரத்துக்கு வந்தாய்! கள்ளனைப் பிடிச்சு வைச்சிருக்கிறம்!" என்று யசோதராக்கா அகப்பையும் கையுமாக ஓடிவந்தாள்.

சின்ன உருவமாய் ஒரு நடுவயது மனுசன். இரண்டு லொறிக்காரர் அவனுடைய கையைப் பிடித்திருந்தார்கள். காலடியில் ஒரு ஸ்குரூ டிரைவர் கிடந்தது.

"நான் கண்ணை மூடிக்கொண்டு கதிரையில கிடக்கிறன்" என்றான் தோப்பூர் லொறிக்காரன் முனீப். "காலுக்குக் கீழ கிறுக், கிறுக் எண்டு சத்தம். மெசின்தான் பிசகிட்டுதாக்கும் எண்டு குனிஞ்சு பார்த்தால், இவர் காசுப்பெட்டியை நெம்புறார்!"

"அது... அது என்ர கதிரை" என்றான் அந்த மனுசன்.

லொறிக்காரர் சிரித்த சிரிப்பில், வீதியோரம் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்த, டவுனுக்குள் திரிகிற மான்கூடத் தலை நிமிர்ந்து பார்த்தது.

"ஓமோம். பாங்க் உடைக்கிறவனும் என்ர காசு எண்டுதான் சொல்லுவான்" என்றான் முனீப். "உன்ர எண்டால் திறந்து காட்டு, பார்ப்பம்."

அந்த மனுசன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சாவி வளையத்தை எடுத்தான். ஏழெட்டுத் திறப்புகள் தொங்கின. நல்லவன் எவன் இத்தனை திறப்போடு திரிவான்? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் திரும்பவில்லை. வேர்த்துக் கொட்டியது.

யுகேந்திரன் குனிந்து தன் திறப்பைப் போட்டான். டக்கென்று திறந்தது.

"உழைக்கிறவன் ஒருத்தன், தின்னுறவன் இன்னொருத்தனோ?" என்று முனீப் கையை ஓங்கினான். அக்கா பொலிசுக்கு அடிக்கப் போனைத் தூக்கினாள்.

 யுகேந்திரனின் இந்தச் சைட் வேலை வைண்டிங் கடை முதலாளிக்குத் தெரியாது. பொலிஸ், வாக்குமூலம், கோட்டில் வழக்கு என்று இழுபட்டால் இதுவும் போய், கம்பி சுற்றுகிற வேலையும் போய்விடும். வீட்டில் மனைவி சிவரூபியின் முகத்தில் எப்படி விழிப்பது?

"பொலிஸ் வேண்டாம் அக்கா! முனீப் நானா, கையை எடுங்கோ" என்று பதறிப்போய் நடுவில் புகுந்தான். "அடிச்சால் பழி ஓரிடம் பாவம் ஓரிடமாய்ப் போயிடும். காசு ஒண்டும் போகேல்லைத்தானே? விடுங்கோ."

அந்த மனுசனை வாங்கில் இருத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். பெட்டியிலிருந்து ஒரு கை குத்திக்காசை அள்ளி அவனுடைய சட்டைப்பையில் போட்டான்.

"பஸ்ஸுக்கு வைச்சிருங்கோ அண்ணை. இப்ப ஒண்டும் கதையாமல் போங்கோ. இவங்கள் அடிச்சுப்போடுவாங்கள்."

மனுசன் அவனையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். முனீபின் கையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு நடந்தான். லொறி வரிசை தாண்டியபிறகு திரும்பி நின்று, "வாறன், இருங்கோ வாறன்!" என்று விரலை ஆட்டினான்.

"கள்ளனுக்கு வாயைப் பாருங்கோவன்" என்றான் முனீப்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கள்ளனுக்குப் பஸ் காசு குடுத்து அனுப்பின முதலாளியை இண்டைக்குத்தான் காணுறன். நீ தங்கமான பிள்ளை."

யுகேந்திரனுக்கு உள்ளுக்குள் கூசியது. கதிரையைத் துடைத்து, மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டான். அக்காவின் பங்கை, வழமையைவிடக் கொஞ்சம் கூட்டியே, அவளுடைய கையில் வைத்தான். பிறகு கீழே கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக் காசுப்பெட்டியின் பூட்டைக் கழற்றத் தொடங்கினான்.

"ஏன் தம்பி கழற்றுறாய்?"

"மாத்தவேணும் அக்கா. இது இனிச் சரிவராது."

துணிப்பையின் அடியில் சித்திரையில் கழற்றிப் போட்டதிலிருந்து கிடந்த பழைய பூட்டை எடுத்தான். துருவைத் துடைத்து, அது இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தினான். சைக்கிளில் ஏறியவன் திரும்பிப் பார்க்காமல் மிதித்தான்.

பழுதென்று கைவிட்டுப்போன கதிரையின் சொந்தக்காரர் பொலிசோடு திரும்பி வரும்போது, பாவம், அவருடைய திறப்புக்கு அது திறக்கவேண்டாமா?