பட்ட கால்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தேயிலை எஸ்டேட்டின் பழைய இலைக் கிடங்கு ஜன்னலை மூடுபனி அடைத்து நிற்கிறது. தார்ப்பாய் விரித்த தரையில் இருளப்பனும் மோசஸும் எதிரெதிரே நிற்கிறார்கள். “குத்துச்சண்டை மாதிரிதானுங்க, இதுல காலும் உண்டு. பேரு கிக் பாக்ஸிங். இடுப்புக்கு மேல ஒதைக்கலாம். கையை மட்டும் முகத்தை விட்டு எறக்கீராதீங்க” என்கிறார் வெலிங்டனிலிருந்து வந்திருக்கும் மாஸ்டர் பவுல்ராஜ். சுவரோரம் வீரம்மா, கணவன் இருளப்பனின் சட்டையை மடியில் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்து ஆறு வருடமாகிறது. அங்கே ஒரு நாள் லயத்து வீட்டுக் கதவை உதைத்துத் திறந்த கால்களின் சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. இனி ஒருத்தன் அப்படி வந்தால் எதிர்த்து நிற்க வேண்டும் என்றுதான் இருளப்பன் இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். தார்ப்பாயில் கால் விழும்போதெல்லாம் அவள் தோள் குலுங்குகிறது. “போதுங்க, வாங்க, லயத்துக்குப் போவம்” என்று வாய்க்குள்ளேயே சொல்கிறாள். மாஸ்டரின் மாணவன் மோசஸ் நெருங்கி வருகிறான். இருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை வீசுகிறான். பாதம் மோசஸின் நெஞ்சில் சத்தென்று படுகிறது. பட்டதும் இருளப்பனின் முகம் வெளிறுகிறது. அடுத்தவர் மேல் கால் பட்டுவிட்டது. யோசிக்குமுன்னே அவனுடைய கை நீள்கிறது. கனத்த தோல் கையுறையால் மோசஸின் நெஞ்சைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். “கையை எறக்காதீங்க” என்கிறார் மாஸ்டர். இருளப்பனின் கண்கள் மூடியிருக்கின்றன. வீரம்மாவின் கண்கள் திறந்திருக்கின்றன. மோசஸின் வலது கால் தார்ப்பாயை விட்டு எழும்புகிறது.